பள்ளிக்கூட ஸ்மார்ட் போர்டுக்கு ரிப்பன் வெட்டியாச்சு, பேட்டரியை யார் மாற்றுவது?

(திரையில்: அடுக்கி வைத்த பள்ளிப் பைகள்)

65 லட்சம் ஸ்கூல் பை. அத்தனையிலும் ஜெயலலிதா படம், எடப்பாடி பழனிசாமி படம். 2021ல் ஆட்சி மாறிவிட்டது. பைகளை என்ன செய்வது? அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார் புதிதாக வந்த முதல்வர் ஸ்டாலின், அதனால் 13 கோடி ரூபாய் மிச்சம். நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதற்குக் கை தட்டலாம், நான் தட்டுகிறேன். ஆனால் பிள்ளை முதுகில் சுமக்கிற பையில் தலைவர் படம் எதற்கு?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 தேர்தலில் இலவச கலர் டிவி வாக்குறுதி, 2011 தேர்தலில் இலவச லேப்டாப் வாக்குறுதி, 2013ல் உச்ச நீதிமன்றம் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி தேர்தல் முறைகேடு ஆகாது என்றது. லேப்டாப் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் போனது, மூடியில் முதல்வர் படத்தோடு. அந்த லேப்டாப்பில்தான் நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் முதல்முறையாக டைப் அடித்தார்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்: பள்ளிக்கூடத்துக்கு வாங்கித் தருகிற ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டரை அப்புறம் பராமரிப்பது யார்? கவுன்சிலருக்கு சேர்மன் ஆக வேண்டும், சேர்மனுக்கு எம்.எல்.ஏ. சீட் வேண்டும், எம்.எல்.ஏ.வுக்கு மந்திரி பதவி வேண்டும். தலைமைக்குக் காட்ட போட்டோ தேவை. புது ஸ்மார்ட் போர்டு போட்டோவில் விழும், மூன்றாவது வருஷம் மாற்றுகிற யு.பி.எஸ். பேட்டரி விழாது.

நம் டெல்டா ஆட்களுக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம். ஜூன் 12ல் மேட்டூரைத் திறக்கிறார்கள், பூ தூவுகிறார்கள், டிவியில் நேரலை, அடுத்து கல்லணையிலும் அதே பூ. ஆனால் தலைஞாயிறு விவசாயி கேட்பது ஒன்றே ஒன்று: கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடிகிற கடைசி வயலுக்கு, தண்ணீர் வந்ததா? ஏ, பி என்கிற பெரிய வாய்க்காலைத் தூர்வாரிவிட்டு சி, டி என்கிற சின்ன வாய்க்காலை விட்டுவிட்டால் அணையில் எத்தனை அடி நின்றாலும் வயலுக்கு ஏறாது, அதுவும் இந்த வருஷம் வாரினால் போதாது, அடுத்த வருஷமும் வார வேண்டும். பள்ளிக்கூட கம்ப்யூட்டருக்கு சி, டி வாய்க்கால் என்பது பேட்டரி, இன்டர்நெட் பில், ரிப்பேருக்கு வருகிற ஆள், சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிற டீச்சர். வேதாரண்யம் பக்கம் மெஷினை அரிக்கிற உப்புக்காற்று வேறு. கஜா புயல் அடித்தபோது அங்கே பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டே இல்லை.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி. அதில் வாங்கும் பொருளோடு ஐந்து வருஷப் பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் போடச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. யார் கேட்பது? நீங்கள்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள். காட்டவில்லையா, 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மனு எழுதும் மாதிரி கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, பதில் வந்ததும் ஊர் பெயரோடு கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவோம்.