பாம்புப் பானைகளும் என் 349 ரூபாய் மைக் தொப்பியும்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தில்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். இருளர் பழங்குடியினர் பாம்பு பிடித்து நஞ்சு எடுப்பதைப் பார்க்க, சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலி போகப்போகிறேன் என்று போன வாரம் ஒரு ஷார்ட்ஸ் போட்டேன் இல்லையா, அதற்குக் கீழே ஒரு தம்பி, "பாம்பு பிடிக்கிறதெல்லாம் ஒரு சயின்ஸா அக்கா?" என்று கேட்டிருந்தார். கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. கேள்வியைக்கூட விட்டுவிடுவேன், அந்த நாலாவது பொம்மைதான் தாங்கவில்லை.

சரி, போனேன். பல்லியைப் பார்த்தாலே கேமராவைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆள் நான், உங்களுக்கே தெரியும். என் சொந்தத் தம்பியைத் துணைக்கு ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். ஈசிஆரில் கோவளம் தாண்டியதும் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. அப்போதுதான் ஞாபகம் வருகிறது, மைக்குக்குப் போடும் ரோமத் தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். 349 ரூபாய் மக்களே! எலிக்குட்டி மாதிரி ஒரு துண்டுக்கு 349 ரூபாய் கொடுத்து வாங்கி, அன்பாக்சிங் வீடியோ வேறு போட்டு, வேண்டிய நாளில் அது மேசை மேல் தூங்குகிறது. இன்றைய வீடியோவில் பாதி எழுத்தாக ஓடுவதற்குக் காரணம் அதுதான், திட்டாதீர்கள்.

முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். உள்ளே போனதும் என்னை நிறுத்தியது பாம்பு இல்லை, பானை. மணல் நிரப்பிய தரையில் வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்குள்ளும் பாம்பு. தம்பி ஒரு பானைப் பக்கம் சாய்ந்தான். உள்ளேயிருந்து குக்கர் விசில் வருவதற்கு முந்திய சத்தம் மாதிரி 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக வந்தது. அது கண்ணாடிவிரியன். தம்பி அதற்கப்புறம் வெளியே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டேதான் நின்றான்.

நஞ்சு எடுப்பவர் வெறும் கையால் பாம்பின் தலையைப் பிடித்து, மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க விடுகிறார். பல் சவ்வைத் துளைக்கிறது, உள்சுவரில் மஞ்சளாக ஒரு சொட்டு வழிகிறது. அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சின்னப் பையன், "இவ்ளோதானா?" என்றான். அந்த இவ்ளோதான் இல்லாமல் இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்தே கிடையாது! நஞ்சை உறையவைத்து உலர்த்தி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் அதைக் குதிரைக்கு அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அதுதான் ஆஸ்பத்திரியில் போடும் ஊசி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. பாம்புக்கடியால் இந்த நாட்டில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இப்போது அந்த நாலாவது பொம்மையைப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். பாம்பைப் பிடித்தால் பிடித்ததுதான் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருந்து, நாலு தடவை நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம். அதே பாம்பு மறுபடி சீக்கிரத்தில் கையில் சிக்கினால் தெரிந்துவிடும். கமென்ட் போட்ட தம்பி, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்தால் இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்குத்தான் விற்றார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தோல் வியாபாரம் தடைபட்டு, பிழைப்பு போயிற்று. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் உதவியோடு இந்தச் சங்கம் ஆரம்பமானது. கொல்லத் தெரிந்துகொண்ட அதே வித்தை, அப்படியே உயிர் காக்கிற பக்கம் திரும்பிவிட்டது.

அப்புறம் ஃப்ளோரிடா கதை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகி முயல், ரக்கூன் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 2016-இல் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இறங்கி, ஒரு மாதத்தில் 106 பாம்பு. 2017 ஜனவரியில் நம் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். நம் ஊர்க் காட்டில் இல்லாத ஜாதிப் பாம்பு, தெரியாத ஊர், கூட மொழிபெயர்ப்பாளர்கள். எட்டே நாளில் 13 பாம்பு! அதில் ஒரு பெண் பாம்பு 16 அடி, பழைய ஏவுகணைத் தளம் ஒன்றுக்குள் பதுங்கியிருந்தது. எல்லாரும் கரை மேல் வண்டியில் ஓட்டிக்கொண்டே தேட, இவர்கள் புதருக்குள் நுழைந்து தடம், எச்சம், உரித்த சட்டை என்று பார்த்துப் போனார்கள். அந்த வேலைக்கு அந்த மாநிலம் 68,888 டாலர் ஒதுக்கியது. 349 ரூபாய்க்கு அழுகிற நான், இந்த எண்ணை மூன்று தடவை படித்தேன். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இங்கே ஒரு பெரியவரிடம், வளையில் பாம்பு இருப்பது எப்படித் தெரியும் ஐயா என்று கேட்டேன். வாயில் சிலந்தி வலை கிழியாமல் இருந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார்களாம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, இவ்வளவு எளிதா என்று. எளிதில்லை, நான் கவனித்ததே இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் சிலர், 'நம் முன்னோர்கள் எல்லாமே கண்டுபிடித்துவிட்டார்கள், நாசாவே ஒப்புக்கொண்டது' என்று ஃபார்வர்டு அனுப்பக் கிளம்புவீர்கள். வேண்டாம், அதுவும் எனக்கு ஆகாது. பாம்பு கடித்தால் பச்சிலை தேடாமல் நேரே ஆஸ்பத்திரி. அங்கே ஏற்றும் மருந்தில் இவர்கள் கை இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்கிறேன். இன்னொன்று, பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பாம்பின் நஞ்சை வைத்துச் செய்யும் மருந்து, வேறு மாநிலத்தில் அதே ஜாதிப் பாம்பு கடித்தால் சில சமயம் அவ்வளவாகக் கேட்பதில்லை. நஞ்சு ஊருக்கு ஊர் மாறுகிறது. அங்கங்கே இப்படி மையங்கள் வர வேண்டும்.

அட, முக்கியமானதை மறந்தேனே! பல் குடுவையில் படும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். என் மைக்கில் வெறும் காற்றுதான். ராத்திரி தம்பி போனைத் துழாவினால், அவன் கையைக் கட்டிக்கொண்டு, போனை அக்குளில் இடுக்கியபடி பதிவு செய்திருக்கிறான். படம் முழுக்க அவன் சட்டைப் பொத்தான். ஆனால் சத்தம் சுத்தமாக இருக்கிறது. இப்போது போடுகிறேன், ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.