சோதனைக்கு எடுத்த தண்ணீர் மாதிரி யாருக்குச் சொந்தம்?

[காட்சி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை. குழாயிலிருந்து குவளையில் தண்ணீர் நிறைகிறது.]

வணக்கம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அதைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள். சுத்திகரித்த கழிவுநீரான நியூவாட்டரை மக்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக, 2002ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்பில் ஏறத்தாழ 60,000 பேர் போத்தலை உயர்த்திப் பிடித்து அதைக் குடித்தார்கள். அதற்கென ஒரு வருகையாளர் நிலையமும் மறு ஆண்டு திறக்கப்பட்டது. அரசாங்கத்தின் மேல் பெரிய மனத்தாங்கல் ஏதுமில்லாத ஊரிலேயே இத்தனை பாடு. மனத்தாங்கல் நிறைந்த ஊருக்குக் குடிநீர் விஷயத்தில் உதவப் போகும் பொறியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

[காட்சி: அமெரிக்கத் தென்மேற்கின் வரைபடம்.]

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்திருக்கும் நவஹோ பூர்வகுடியினரின் நிலம், சிங்கப்பூரைப் போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு பெரியது. அங்கே சுமார் 30 விழுக்காட்டு வீடுகளுக்குக் குழாய் இணைப்பு இல்லாததால், மக்கள் வண்டியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் சென்று தண்ணீர் பிடித்து வருகிறார்கள். 1944 முதல் 1986 வரை அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 30 மில்லியன் டன் யுரேனியத் தாது தோண்டப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500க்கு மேல். 2015 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழுவினரது வேலையால் அடைப்பு உடைந்து, சுமார் 11 மில்லியன் லிட்டர் கழிவுநீர் பாய்ந்தது. அது ஆறு வழியாக நவஹோ நிலத்தையும் வந்தடைந்தது. தண்ணீரைக் காக்க வேண்டிய முகமையே அதைக் கெடுத்ததை ஊர் அவ்வளவு எளிதில் மறக்குமா?

இப்படிப்பட்ட ஊரில்தான் உதவ வந்த பொறியாளர், மாதிரி எடுக்கும் போத்தலோடு இறங்குகிறார்.

மாதிரி என்ற சொல்லுக்கே அங்கே ஒரு கசப்பு உண்டு. அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தார் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்த மாதிரிகள், அவர்கள் அறியாமலே வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. வழக்கு 2010இல்தான் சமரசமாகி, மாதிரிகள் திரும்பி வந்தன. ஆகவே, தண்ணீர் எடுப்பதற்கு முன்பே இனத்தின் மன்றத்திடம் அனுமதி பெறுவதும், முடிவை முதலில் அவர்களிடமே கொடுப்பதும், வேறு யார் யார் அதைப் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் தருவதும் வெறும் மரியாதைக்கான சடங்குகள் அல்ல. புனிதமாகக் கருதப்படும் ஊற்றில் எடுக்கக் கூடாது என்றால், எடுக்காமல் திரும்பிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான பூர்வகுடி நிலங்களில் குடிநீர் விதிகளை அமலாக்குவது மேற்சொன்ன மத்திய முகமைதான்; அந்தப் பொறுப்பை 2000இல் தானே ஏற்ற நவஹோ அரசு ஒரு விதிவிலக்கு. எனவே உதவ வருபவர், தாம் குறை கண்டு எழுதும் அதிகாரியா, பழுது பார்க்கக் கைகொடுப்பவரா என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் தாமே என்றால் அதையும் மறைக்கக் கூடாது.

[காட்சி: சிறு கண்ணாடிக் குப்பி, மிக அருகில். பொடி கரைய, நீர் இளஞ்சிவப்பாகிறது.]

கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின் தண்ணீரில் இருந்தால் இந்த நிறம் வரும். இந்தக் குப்பி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்: நீர்நிலையத்தை இயக்குபவரின் கையில். பம்பின் சத்தம் மாறினால் எந்த வால்வு மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடக்கூடிய அவரை ஓரமாக நிற்கவைத்து, வந்தவர் தாமே சோதித்துக் குறித்துக்கொண்டு போனால், அந்த எண் ஊருக்குள் செல்லாக்காசுதான். குளோரின் வாடை பிடிக்காமல் சோதிக்கப்படாத கால்நடைக் கிணற்றுக்குப் போகிறவர்களிடம் பேச வேண்டியவரும் அவரே.

பிறகு, வந்தவர் திரும்பி வர வேண்டும்; என் கணிப்பில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சென்ற முறை எடுத்த மாதிரியின் முடிவைத் தாளில் கொண்டுவந்து, லிட்டருக்கு யுரேனியம் 30 மைக்ரோகிராம், ஆர்செனிக் 10 மைக்ரோகிராம் என்ற வரம்புகளைப் பக்கத்தில் வைத்து, இயக்குபவருடன் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். வரம்பு மீறியிருந்தால், வேறு ஏற்பாடு ஆகும்வரை பிள்ளைகளுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர், ஆடுகளுக்கு எது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.