78 டன்னை எது தூக்குகிறது?

உள்ளங்கையை விரித்து வையுங்கள். அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது, கீழேயிருந்தும் அதே அளவு அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 10 டன்!

[திரையில்: ஓடுபாதையில் விமானம்]

இது ஏர்பஸ் ஏ320. முழுச் சுமையோடு சுமார் 78 டன், இறக்கையின் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் தூக்க வேண்டியது 640 கிலோதான். பத்து டன்னில் அது ஆறு சதவீதத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதாவது இறக்கைக்கு மேலும் கீழும் இருக்கும் அழுத்தத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் வந்தாலே விமானம் எழும்பிவிடும். இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, வித்தியாசம் எப்படி வருகிறது?

[திரையில்: இறக்கையின் குறுக்குவெட்டு, புகைக்கோடுகள்]

இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கும், முன்விளிம்பு லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று அந்த வளைவை ஒட்டியே திரும்பி, பின்விளிம்பைத் தாண்டும்போது கீழ்நோக்கிப் போகிறது. ஓடும் காற்று அப்படி வளைய வேண்டுமென்றால் வளைவின் உள்பக்கம், அதாவது இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி, அழுத்தம் குறைந்தே ஆக வேண்டும். அழுத்தம் குறைந்த இடத்துக்குள் நுழையும் காற்று வேகம் பிடிக்கும், கணிதவியலாளர் டேனியல் பெர்னோலி 1738-இல் எழுதியது இந்த உறவைத்தான். நியூட்டன் வழியாகப் பார்த்தாலும் இதே கதைதான்: இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

ஆனால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதனால்தான் வேகமாக ஓடுகிறது என்று படித்திருப்பீர்கள். அது தவறு. பிரிந்த காற்று மறுபடி சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புகைக்கோடுகளைப் பாருங்கள், மேலே போனது முந்திக்கொண்டு போய்விட்டது.

சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால் தூக்குவிசையும் கூடும், ஆனால் சுமார் 15 டிகிரிக்கு மேல் காற்றால் மேற்பரப்பை ஒட்டி ஓட முடியாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சட்டென்று விழும். இதைத்தான் விமானிகள் ஸ்டால் என்கிறார்கள்.

அப்புறம், ஈரப்பதம் அதிகமான நாளில் இறக்கையை ஒட்டிய ஜன்னல் இருக்கை கிடைத்தால் தரையிறங்கும்போது வெளியே பாருங்கள். இறக்கையின் மேலே மட்டும் வெள்ளையாக ஒரு பனிமூட்டம் தோன்றித் தோன்றி மறையும். அழுத்தம் குறைந்ததால் காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி துளிகளாகிறது. உங்களைத் தூக்கிப்பிடித்திருக்கும் அழுத்தக் குறைவு அங்கேதான் இருக்கிறது.