பட்டாலியா: பாதியில் நின்ற நேர்த்திக்கடன்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

1385 ஆகஸ்ட் 14. போர்ச்சுகலில் அல்ஜுபரோட்டா என்ற இடம். எதிரே காஸ்டீல் நாட்டின் பெரும்படை. இந்தப் பக்கம், பட்டத்துக்கு வந்து நாலு மாதமே ஆன முதலாம் ஜொவாவ், கையில் இருந்த சின்னப் படையோடு நிற்கிறார். ஜெயித்தால் ஒரு கோயில் கட்டுகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாராம். இருட்டுவதற்குள் ஜெயித்தும்விட்டார். மறு ஆண்டே பட்டாலியா மடத்தின் வேலை ஆரம்பமானது. தொமினிக்கன் துறவிகளுக்கு அதைக் கொடுத்தார்.

நேர்ந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கட்டுவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் முடியவில்லை. அந்த முடியாத பகுதிதான் எனக்குப் பிடித்தது. ஆனால் முதலில் முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தலைமைக் கட்டடக் கலைஞர் அஃபோன்சோ தொமிங்கெஸ். 1402-க்குப் பிறகு ஹுகே பொறுப்பேற்றார். துறவிகள் கூடிப் பேசும் மண்டபத்துக்குள் போனால், இருவரில் யாருடைய துணிச்சல் இது என்று கேட்கத் தோன்றும். பக்கத்துக்குப் பக்கம் 19 மீட்டர் அகலமுள்ள சதுரம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சுவர்களிலிருந்து கிளம்பும் கல் விலாக்கள் மேலே போய் நட்சத்திரமாகக் கூடுகின்றன. மொத்தப் பாரத்தையும் அவையே சுவருக்குக் கடத்துகின்றன. கட்டும்போது இரண்டு முறை சரிந்து விழுந்ததாகவும், பிறகு மரண தண்டனைக் கைதிகளை வைத்துக் கட்டியதாகவும், சாரத்தைப் பிரித்த அன்று தலைமைக் கலைஞரே அடியில் படுத்துத் தூங்கிக் காட்டியதாகவும் ஊரில் கதை உண்டு. கதைதான், ஆனால் அண்ணாந்து பார்க்கிறவர் யாரும் அதை லேசில் மறுக்க மாட்டார். 1921-இலிருந்து, முதல் உலகப்போரின் பெயர் தெரியாத வீரர்கள் இருவர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ராணுவக் காவல் நிற்கிறது.

நிறுவனர் சிற்றாலயத்தில் ஜொவாவும் அவர் மனைவி, இங்கிலாந்தில் பிறந்த பிலிப்பாவும் கல்லறை மேல் கல்லுருவாகக் கைகோத்துப் படுத்திருக்கிறார்கள். கடலோடி என்று பேர் வாங்கிய மகன் என்ரிக்கின் கல்லறையும் அங்கேதான்.

சரி, முடியாத கதைக்கு வருவோம். ஜொவாவின் இன்னொரு மகன் துவார்த்தே தன் குடும்பத்துக்கென்று கோயிலின் பின்புறம் எண்கோண வடிவில் ஒரு மண்டபம் தொடங்கினார். சுற்றிலும் ஏழு சிற்றாலயங்கள். 1438-இல் அவர் இறந்துபோக, வேலை இழுத்துக்கொண்டே போனது. மனுவேல் அரசர் காலத்தில் மத்தேயுஸ் பெர்னாண்டஸ் அதற்கு 15 மீட்டர் உயர வாசல் ஒன்றைச் செதுக்கினார். கல்லா, சரிகையா என்று சந்தேகம் வரும். துவார்த்தேயின் விருதுவாக்கு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. கூரையைத் தாங்க வேண்டிய பெருந்தூண்களும் எழும்பின. கூரை மட்டும் வரவில்லை.

ஏன்? 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார். மிளகுப் பணம் லிஸ்பனில் கொட்டியது. அந்த வணிகத்தின் மேல் போட்ட 5 சதவீத வரியில், லிஸ்பனின் பெலெம் கரையோரம் ஜெரோனிமோஸ் மடம் எழுந்தது. அரசர்களின் கவனமும் அங்கேயே போயிற்று. தாத்தா காலத்து வேண்டுதலை யார் நினைப்பார்கள்! நம் மலபார் மிளகுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மண்டபத்துக்குக் கோயிலுக்குள்ளிருந்து வழி இல்லை. வெளியே வந்து பின்பக்கம் சுற்றித்தான் போக வேண்டும். மழைக்காலமானால் குடையை மறக்காதீர்கள்.