பந்தியாய் ஸ்ரேயில் எங்கள் ஊர் அம்மையார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் ஊரே மாம்பழமாக மணக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். கீழே முந்தானையை விரித்துப் பிடித்து நிற்கும் பெண்களுக்கு நடுவே, பாவாடை விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அந்த வயதில் எனக்குக் காரைக்கால் அம்மையார் என்றால் புனிதவதிதான். திருக்கல்யாணத்தன்று பட்டும் மாலையுமாகப் பரமதத்தனுக்குப் பக்கத்தில் இருப்பாளே, அந்தப் புனிதவதி. பிறகு அவள் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று பாட்டி சொல்வார். கதையைக் கேட்டுக்கொள்வேன். அந்த உருவத்தை மட்டும் மனம் ஏற்காது.

அந்த உருவத்தின் எதிரில் நான் பேச்சற்று நின்றது கம்போடியாவில், பந்தியாய் ஸ்ரே என்ற சிவன் கோயிலில். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஒரு ஜனவரி மாதம், இருபத்திரண்டு பேர் கொண்ட குழுவோடு எட்டு நாள் பயணமாகப் போனேன். புனோம் பென்னில் இறங்கி, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் கொம்போங் தோம் வழியாக சியம் ரீப் நகரம். அங்கிருந்து பழைய தலைநகரமான அங்கோரும் சுற்றுவட்டாரக் கோயில்களும். எங்கள் வழிகாட்டி முப்பது வயதைத் தொடாத ஓர் இளைஞன், கம்போடியாவின் கெமேர் இனத்தவன். முதல் நாளே என்னை "ஓம்" என்று கூப்பிட்டான். பிரணவமோ என்று திடுக்கிட்டேன். தாய் தந்தையைவிட மூத்தவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். நம் பெரியம்மா மாதிரி.

பேருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே குழுவில் ஒருவர் கைபேசிக்கு வந்த செய்தி ஒன்றை உரக்கப் படித்தார். அங்கோர் வாட் கோயிலைக் கட்டியது தமிழ் மன்னன், சூரியவர்மன் நம்ம ஆள் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன விஷயம் என்று வழிகாட்டி கேட்க, யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவன் கோபப்படவில்லை. "ஓம், எங்கள் முன்னோர்கள் அல்லவா கல் சுமந்தார்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் வரலாற்று ஆசிரியை. அந்தக் கைதட்டலில் என் கையும் சேர்ந்திருந்தது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

நேயர்களே, அந்தச் செய்தி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமேர் அரசன் கட்டியது. வர்மன் என்ற வடசொல்லுக்குக் கவசம் என்று பொருள். பல்லவர்கள் சூடிக்கொண்டார்கள், வேறு பல நாட்டு அரசர்களும் சூடிக்கொண்டார்கள். அங்கோரின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமேர் மொழியிலும் பேசுகின்றன. அந்த எழுத்து பல்லவர் எழுத்தின் வழி வந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் எழுத்தைக் கற்றுக்கொண்டவர்கள் எழுதியது அவர்கள் சொந்தக் கதையை.

உறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. காம்போசம் என்று அன்று அழைத்த கம்போடியாவின் அரசன் முதலாம் இராசேந்திர சோழனின் நட்பை வேண்டித் தன் தேரையே அனுப்பினான் என்கிறது கரந்தைச் செப்பேடு. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1114இல், காம்போச அரசன் காட்டிய அரிய கல் ஒன்றைச் சோழன் ஆணைப்படி சிதம்பரத்தில் எதிரம்பலத்தில் பதித்தார்கள் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. இரண்டு அரசுகள் சமமாக நின்று பழகிய பழக்கம் இது. எனக்கு இந்தக் கல்லின் கதை, கட்டிவிட்ட பெருமைக் கதைகளைவிடப் பல மடங்கு பெரிதாகப் படுகிறது.

புனோம் பென் நகரில் இரண்டு நாள். செந்நிறக் கூரைகளோடு 1920இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடாதீர்கள். அங்கே பீமனும் துரியோதனனும் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கிறார்கள். கோ கெர் என்ற ஊரின் பிரசாத் சென் கோயிலில் 10ஆம் நூற்றாண்டில் செதுக்கி வைத்த சிலைகள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் திருடர்கள் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துப் போனார்கள். பீடமும் பாதமும் காட்டிலேயே கிடந்தன. துரியோதனன் 2011இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தான். அந்தப் பாதங்கள்தான் சாட்சி சொல்லின. உடல் யாருடையது என்று பாதம் சொன்னது. 2014இல் இருவரும் வீடு திரும்பினார்கள், பீமன் கலிபோர்னியாவிலிருந்து. அதே 2014இல்தான் நம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். அந்தக் கணுக்கால் வெட்டைப் பார்த்தபோது எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. நம்ம ஆள், உங்க ஆள் என்ற பேச்சு அதற்குப் பிறகு பேருந்தில் எழவே இல்லை.

மறுநாள் காலை ஒரு நடனப் பயிற்சிக் கூடம். எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு கையால் மறு கையின் விரல்களைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டிருந்தார்கள். விரல் நுனி மணிக்கட்டை நோக்கி வில்லாக வளைய வேண்டும். ஒரு குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இலைக்கு ஒரு முத்திரை, பூவுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. சொல்லிக்கொடுத்த அம்மாள் வயதானவர், பேசவே இல்லை. ஒவ்வொரு குழந்தையின் முழங்கையையும் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டே நடந்தார். 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை கெமேர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்டு இயக்கத்தின் ஆட்சியில் அரசவை நடனக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். எஞ்சிய சிலர் ஒன்றுகூடி, ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவிலிருந்து எடுத்து, உடம்பிலிருந்து உடம்புக்கு மாற்றினார்கள். 2003இல் யுனெஸ்கோ அந்த நடனத்தை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்த ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறைக்கும் அன்று பிற்பகல் போனோம். அதைப் பற்றி வானொலியில் பேச எனக்கு மனவலிமை இல்லை. ஆனால் கம்போடியா போகிறவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது.

வடக்கே போகும் வழியில் சம்போர் பிரெய் குக். 7ஆம் நூற்றாண்டில் ஈசானவர்மனின் தலைநகரம், ஈசானபுரம். காட்டுக்குள் செங்கல் கோயில்கள், சில எண்கோண வடிவம். அங்கோருக்கும் முந்திய இடம். கூட்டமே இல்லை, நிழல் உண்டு, நிதானமாகப் பாருங்கள்.

அங்கோர் வாட்டைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கிழக்குச் சுற்றின் தென்பாதியில் பாற்கடல் கடையும் சிற்பம், ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியை இழுக்கிறார்கள். நடுவில் திருமால். இந்தக் கதையை நாம் மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். அங்கே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால்தான் கதை முடியும். இழுக்கும் கைகள், இழுக்கும் கைகள், இழுக்கும் கைகள். அந்த உழைப்பு காலில் இறங்குகிறது. கயிறு இழுத்தவர்களையும் கல் இழுத்தவர்களையும் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வழிகாட்டி முதல் நாள் கேட்ட கேள்வி அங்கேதான் திரும்ப வந்தது.

நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. என் பேச்சைக் கேட்பவர்கள் மூன்று நாள் சீட்டாவது வாங்குங்கள். ஒரே நாளில் சூரிய உதயம், பேயோன் கோயில் முகங்கள், தா ப்ரோம் கோயில் மரவேர் என்று ஓடிவிட்டுத் திரும்புவது, திருவாரூர்த் தேரைப் பார்க்கப் போய் வடத்தை மட்டும் தொட்டுவிட்டு வருவதைப் போல.

அங்கோரிலிருந்து பந்தியாய் ஸ்ரே போகும் பாதையில் பிரெயா டாக் என்றொரு கிராமம். சாலையோரம் எல்லா வீட்டு வாசலிலும் அடுப்பு, அடுப்பின் மேல் அகன்ற இரும்புச் சட்டி, அதில் பதநீர் கொதிக்கிறது. கம்போடியாவின் தேசிய மரம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதானே. பாளை சீவி, மூங்கில் குழாயைக் கட்டி இறக்குகிறார்கள். பதநீர் புளிக்காமலிருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். அவர்கள் ஒரு மரத்தின் பட்டைச் சீவலைக் குழாய்க்குள் போடுகிறார்கள். காய்ச்சியதைப் பனையோலை வளையங்களில் ஊற்றி ஆறவைத்தால் சின்னச் சின்ன வில்லைகள். நம் கருப்பட்டி அளவுக்குக் கறுப்பில்லை, சந்தன நிறம். வாயில் போட்டால் பதநீர் மணம் முழுசாக நிற்கிறது. அந்த வீட்டம்மாள் என் வாயைப் பார்த்துவிட்டு இன்னொரு வில்லையைக் கையில் திணித்தார். பக்கத்து வீட்டில் நும் பஞ்சோக். அரிசி மாவை ஓட்டை அச்சில் வைத்துக் கொதிக்கும் தண்ணீருக்குள் நேராகப் பிழிகிறார்கள், இடியாப்பத்தின் தங்கை என்று வையுங்கள். மேலே மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் போட்ட மீன் குழம்பு.

பந்தியாய் ஸ்ரே மிகச் சின்னக் கோயில். நடுக்கோபுரமே பத்து மீட்டர் உயரமில்லை. சிவந்த மணற்கல்லில், தச்சன் மரத்தை இழைத்ததைப் போல இழைத்திருக்கிறார்கள். காண்டவ வனத்தை எரிக்கும் காட்சியில் இந்திரன் பொழியும் மழை சாய்ந்த கோடுகளாகக் கல்லில் இறங்குகிறது. இதைக் கட்டியது அரசனும் அல்ல. யக்ஞவராகர் என்ற அறிஞர், இளவயதில் அரியணை ஏறிய ஐந்தாம் ஜெயவர்மனின் குரு. குடமுழுக்கு ஆண்டு 967. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல். செம்பியன் மாதேவியார் நம் ஊர்ச் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது.

கிழக்கு வாசலின் மேல் சிவன் ஆடுகிறார், பத்துக் கைகள். காலடியில் ஒருபுறம் மத்தளம் அடிப்பவர். மறுபுறம் மூலையில் ஒரு பெண். நான் முதலில் கவனிக்கவில்லை. வழிகாட்டி கை நீட்டி, "ஓம், அது ஒரு பக்தை, தென்னிந்தியாவிலிருந்து வந்தவள் என்கிறார்கள்" என்றான்.

வற்றித் தொங்கும் மார்பு. எலும்பெடுத்த தோள். "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று அவளே பாடிய அந்த உருவம். அறிஞர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். சேக்கிழார் அவள் வரலாற்றைப் பாட இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலத்தில், கடல் கடந்து ஒரு கெமேர் சிற்பியின் உளிக்கு அவள் எட்டியிருக்கிறாள். படையோடு போகவில்லை. எந்த மன்னனும் அனுப்பவில்லை. ஒரு பாட்டோ, அந்தப் பாட்டை நெஞ்சில் வைத்திருந்த யாரோ ஓர் அடியாரோ கப்பல் ஏறியிருக்க வேண்டும். அந்தச் சிற்பி அவளைத் தன் ஊர்க்காரியாகவே செதுக்கியிருக்கிறார். முகம் கெமேர் முகம். தலையைச் சாய்த்து ஆட்டத்தை அண்ணாந்து பார்க்கும் அந்தப் பார்வை எங்கள் அம்மையாருடையது. சின்ன வயதில் நான் ஏற்க மறுத்த உருவம் எவ்வளவு அழகு என்பது அறுபது வயதுக்கு மேல், அவ்வளவு தொலைவில் போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

என்னை அறியாமல் பதிகத்தை முணுமுணுத்திருக்கிறேன் போல. என்ன மொழி என்று பையன் கேட்டான். வாசற்படி ஓரம் நிழலில் உட்கார்ந்து மாங்கனிக் கதையை முழுக்கச் சொன்னேன். தலையால் நடந்து கயிலை ஏறியதையும், சிவன் "அம்மையே" என்று அழைத்ததையும் சொன்னபோது, "அப்படியென்றால் அம்மா அப்பா இல்லாத கடவுளே இவளை ஓம் என்று கூப்பிட்டாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். என் குறிப்பேட்டை வாங்கி, அவள் பெயரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, கெமேர் எழுத்தில் எழுதிக்கொடுத்தான். தானும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே கிழக்கு வாசல், வேறு ஒரு குழு. பத்துக் கைகளோடு ஆடும் சிவனை விட்டுவிட்டு, எல்லோரும் அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.