ஜான் டொனால்ட்சன்: ஊர் மைதானங்களில் ஒரு இடது கை

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1925இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற ஊரில் எடுத்த படம் இது. ஒரு நிமிடம்கூட ஓடாது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுகிறவர் ஜான் டொனால்ட்சன். அந்த இடது கையைப் பாருங்கள், எவ்வளவு லாவகம்!

மிசௌரி மாநிலத்து கிளாஸ்கோ என்ற சிற்றூர்க்காரர். கறுப்பினத்தவர் என்பதால், அமெரிக்காவின் உச்ச மட்டப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பால் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் அந்தத் தடையை உடைத்து அங்கே களமிறங்கியபோது டொனால்ட்சனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

சரி, அதுவரை எங்கே ஆடினார்? பெரும்பாலும் செமி-ப்ரோ ஆட்டங்களில். பலர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடும் ஊர் அணிகள் அவை. பக்கத்து ஊரை எப்படியாவது ஜெயிக்க வேண்டுமென்றால், சம்பளம் கொடுத்து நல்ல பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, கூட்டிவருவார்கள். 1924இல் மினசோட்டாவின் பெர்த்தா என்ற சின்ன ஊர் இவரை அப்படித்தான் அழைத்துக்கொண்டது.

[வரைபடம்: பிட்சர், பேட்டர், முதல் பேஸ்]

இடது கையில் அப்படி என்ன இருக்கிறது? பந்தை அடிக்கும் பேட்டருக்கும் பிட்சருக்கும் நடுவே சுமார் 18 மீட்டர்தான். கிரிக்கெட் போல இங்கே பந்து தரையில் குத்தி வராது, வளைவதெல்லாம் காற்றிலேயே. இடது கை பிட்சரின் கர்வ் பந்து, அதாவது வளைந்து வரும் பந்து, இடது கை பேட்டரை விட்டு விலகிப் போகும். வலது கைப் பந்துக்கே பழகிய கண்ணுக்கு, பந்து வரும் கோணமே புதுசு. அப்புறம், வீசத் தயாராகும்போதே அவர் முகம் முதல் பேஸை, அதாவது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்தை, பார்த்திருக்கும். அங்கே நிற்கும் ரன்னர் திருட்டு ஓட்டம் ஓட, அதாவது பந்தை அடிப்பதற்கு முன்பே அடுத்த பேஸுக்கு ஓட, யோசிப்பார்.

எதிரணிகள் சாதாரணம்தானே என்று கேட்கலாம். சில ஊர்களில் அப்படித்தான். ஆனால் ஆல் நேஷன்ஸ் என்ற, பல இனத்தவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றிய அணியில், கியூபாவின் ஹோசே மெண்டஸோடு சேர்ந்து வீசியவர் இவர். மெண்டஸ் இன்று பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

டொனால்ட்சனின் கணக்கை ஆர்வலர்கள் பல வருடங்களாக ஊர்ப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களில் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 400க்கு மேல் வெற்றிகள், 5,000க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட்கள், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றியவை. இது கிடைத்த பக்கங்களின் கணக்கு மட்டும்! எத்தனை பக்கங்கள் மக்கிப்போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

[திரையில்: கல்லறைக் கல்]

1949இல் சிகாகோ வைட் சாக்ஸ் என்ற மேஜர் லீக் அணி அவரை ஸ்கவுட்டாக, அதாவது புதிய திறமைகளைத் தேடுபவராக, சேர்த்தது. 1970இல் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் வந்தது 2004இல்தான்.

2021 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக்குழுவின் 16 பேரில் 8 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். தேவைப்பட்டது 12.