குமிழிதான் இங்க பம்ப்: எஸ்டிபில ஏர்லிஃப்ட் எப்படி ஓடுது?

வணக்கம் மக்களே. பின்னாடி சத்தம் கொஞ்சம் அதிகமா கேக்கும், காத்து ஊதுற மெஷின், ப்ளோவர் ஓடிக்கிட்டு இருக்கு, அதை நிறுத்திட்டுப் பேசலாம்னா இன்னைக்கு காட்டப் போறதே அந்தக் காத்து செய்யுற வேலையைத்தான், அதனால மைக்கை வாய்கிட்ட வச்சே பேசுறேன். இப்போ நிக்கிறது ஓஎம்ஆர் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட், கால் கீழ எஸ்டிபி, அதாவது மொத்த பில்டிங்கோட கழிவுநீரும் வந்து சுத்தமாகுற பிளான்ட்.

இந்த மூணு இன்ச் பிவிசி பைப்பைப் பாருங்க, கேமராவை கிட்ட கொண்டு போறேன். இது செட்லிங் டேங்க், அதாவது கசடு அடியில தங்குற டேங்கோட அடி வரைக்கும் போகுது, கூடவே ஒட்டுன மாதிரி ஒரு சின்ன ஏர் லைன் இறங்குது பாருங்க, அது அடியில போய் பெரிய பைப்புக்குள்ள திறக்குது, அவ்ளோதான் மொத்த மெஷினே. மோட்டார் கிடையாது, தண்ணியைத் தள்ளுற இறக்கை, அதான் இம்பெல்லர், அது கிடையாது, தண்ணிக்குள்ள சுத்துற எதுவுமே கிடையாது. ஆனா மேல வாயில பாருங்க, களக் களக்னு விட்டு விட்டு ஸ்லட்ஜ், அதாவது அந்தக் கசடு, கொட்டுது, நல்ல பிரவுன் கலர், அது அப்படியே பக்கத்துல காத்து விடுற ஏரேஷன் டேங்குக்குப் போகுது. இதுக்குப் பேர்தான் ஏர்லிஃப்ட்.

நிறைய பேர், ஆபரேட்டர்ங்க கூட, குமிழி தண்ணியை மேல தள்ளிட்டு வருதுன்னு நினைக்கிறாங்க. தள்ளுறது கொஞ்சம் இருக்கு, ஆனா மெயின் விஷயம் எடை. ஒரு பைப் மூணு மீட்டர் நீளம்னு வைங்க, ரெண்டு மீட்டர் தண்ணிக்குள்ள, ஒரு மீட்டர் தண்ணிக்கு மேல. பைப்பைச் சுத்தி வெளிய இருக்குற ரெண்டு மீட்டர் தண்ணி பைப்போட அடிவாயை அழுத்திக்கிட்டே இருக்கு. பைப்புக்குள்ள காத்து கலந்துட்டா உள்ள இருக்குறது லேசாயிடும், மூணுல ஒரு பங்கு காத்துன்னு ஆச்சுன்னா உள்ள நிக்கிற மூணு மீட்டர் கலவையோட எடையும் வெளிய நிக்கிற ரெண்டு மீட்டர் தண்ணியோட எடையும் சமம், அதுக்கு மேல கொஞ்சம் காத்து சேர்ந்தா வெளிய இருக்குற தண்ணி உள்ள இருக்குறதை மேல ஏத்தி வழிய விட்டுடும். வீட்ல மீன் தொட்டி வச்சிருக்கவங்க ஸ்பாஞ்ச் ஃபில்டர் பாத்திருப்பீங்க, அதே வேலைதான் இங்க பெருசா நடக்குது.

இதுல இருந்தே ஒண்ணு புரியும், பைப் எவ்ளோ ஆழம் முழுகி இருக்கோ அவ்ளோ நல்லா தூக்கும். மொட்டை மாடிக்கெல்லாம் இதை வச்சு தண்ணி ஏத்த முடியாது. ஆனா எஸ்டிபில நமக்கு அரை மீட்டர் தூக்குனா போதும், ரெண்டு டேங்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல இருக்கு, அதனால இந்த இடத்துக்கு இதை விட நல்ல பம்ப் நான் பாத்ததில்ல.

சரி, இந்த ஸ்லட்ஜை ஏன் திருப்பி அனுப்பணும்? அதுலதான் உயிர் இருக்கு, கழிவைத் தின்னுற பாக்டீரியா மொத்தமும் அதுலதான். 1914-ல மான்செஸ்டர்ல ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் பாட்டில்ல கழிவுநீர் ஊத்தி காத்து விட்டுப் பாத்தாங்க, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்திட்டு அடியில தங்குன ஸ்லட்ஜைக் கொட்டாம வச்சுக்கிட்டு மறுபடி புதுக் கழிவுநீர் ஊத்துனாங்க, அப்படிச் செய்யச் செய்ய ஆரம்பத்துல வாரக்கணக்குல ஆன சுத்திகரிப்பு ஒரு நாளுக்குள்ளயே முடிய ஆரம்பிச்சுது. இன்னைக்கு உலகம் பூரா ஓடுற ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை அதுதான். அப்போ ஸ்லட்ஜ் ரிட்டர்ன் நின்னா பிளான்ட்டே படுத்துரும்.

இப்போ எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்த வேலையை சப்மெர்சிபிள் பம்ப் வச்சும் செய்யலாம், நிறைய இடத்துல செய்யுறாங்க. ஆனா இந்தத் தண்ணில என்னென்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும், முடி, துணி, நாப்கின், வைப்ஸ், எல்லாம் போய் இம்பெல்லர்ல சுத்திக்கும். பம்ப்பை மேல தூக்குற செயின் அறுந்திருக்கும், அது ஏறி வர்ற கைட் ரெயில் துரு புடிச்சு நிக்கும், அப்போ யாராவது ஒருத்தர் "தம்பி, லேசா இறங்கிப் பாத்துட்டு வந்துரு"ன்னு சொல்லுவாரு. அந்த ஒரு வார்த்தைலதாங்க உயிர் போகுது. கழிவு அழுகுறப்போ வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காத்தை விட கனம், கீழயே தங்கும், அளவு ஏறிடுச்சுன்னா அந்த அழுகின முட்டை வாசனை மூக்குக்குத் தெரியாமலே போயிடும், வாடை இல்லைன்னு நம்பி இறங்குறவன் திரும்ப ஏற மாட்டான், அவனைத் தூக்கப் போறவனும் அப்படியே. பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறதைத் தடுக்குற சட்டம் 2013-லயே வந்தாச்சு, 2014-ல சுப்ரீம் கோர்ட் சாக்கடைலயும் கழிவுநீர்த் தொட்டிலயும் இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு, 2023-ல அதை 30 லட்சமா ஏத்துச்சு. காசு ஏறியிருக்கு, சாவு நிக்கல. அதனாலதான் ஆளே இறங்கத் தேவைப்படாத மாதிரி டேங்கைக் கட்டணும்னு போற இடமெல்லாம் சொல்றேன்.

ஏர்லிஃப்ட் அடைச்சா என்ன பண்றது? காட்டுறேன். இங்க மேல டிஸ்சார்ஜ்ல ஒரு வால்வு இருக்கு, அதை மூடுறேன். இப்போ காத்துக்கு மேல வழி இல்ல, பைப்புக்குள்ள இருக்குற தண்ணியைக் கீழ அமுக்கிக்கிட்டு அடிவாய் வழியா வெளிய போகுது, பாருங்க, செட்லிங் டேங்க் நடுவுல குமிழி கிளம்புது. அடைச்சிருக்குற துணியோ கட்டியோ அதோட வெளிய போயிடும். சில செகண்ட் போதும், ரொம்ப நேரம் விட்டா தங்கியிருக்குற ஸ்லட்ஜ் மொத்தமும் கலங்கிடும். திறக்குறேன்... வந்துருச்சு. நான் நின்ன இடத்துல இருந்து ஒரு அடி கூட நகரல.

காத்து வால்வைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கொட்டுறது குறையுதுன்னா உடனே வால்வை முழுசா திறக்குறது ஆபரேட்டர்ங்களோட பழக்கம். இப்போ நான் திறக்குறேன் பாருங்க, புஸ்ஸுன்னு தெறிக்குது, ஆனா வர்ற ஸ்லட்ஜ் குறைஞ்சுருச்சு. காத்து அதிகமானா அதுவே பைப் நடுவுல தனி வழி போட்டுக்கிட்டுப் போயிடும், தண்ணி ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். மெதுவா மூடிக்கிட்டே வாங்க, எந்த இடத்துல நல்லா தடிமனா விட்டு விட்டு கொட்டுதோ அங்க நிறுத்துங்க, வால்வுல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கங்க.

ஏரேஷன் டேங்க் பக்கம் வாங்க. இங்க குமிழிக்கு ரெண்டு வேலை, ஆக்சிஜன் குடுக்குறதும் கலக்குறதும். பொடிக் குமிழியில இருந்து ஆக்சிஜன் நல்லா கரையும், பெரிய குமிழி நல்லா கலக்கும். மேல சீரா கொதிக்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். அதோ அந்த மூலை, அசைவே இல்ல பாருங்க, அங்க அடியில ஸ்லட்ஜ் தங்கி கருப்பாகி நாற ஆரம்பிக்கும். ஒரே இடத்துல மட்டும் பெருசா பொங்குனா அங்க டிஃப்யூசரோட, அதாவது அடியில காத்தைக் குமிழியா பிரிச்சு விடுற பார்ட்டோட, மெம்பிரேன் கிழிஞ்சிருக்கும், காத்து பூரா அது வழியாவே போயிடும், மத்ததெல்லாம் பட்டினி.

கரண்ட் பில்லுக்காக நைட்டு முழுக்க ப்ளோவரை நிறுத்துற இடங்கள் இருக்கு, ஒரு அபார்ட்மெண்ட்ல காலைல போய்ப் பாத்தா செட்லிங் டேங்க் மேல ஸ்லட்ஜ் பாய் விரிச்ச மாதிரி மிதக்குது. ஏர்லிஃப்ட்டும் அதே காத்துலதானே ஓடுது, அது நின்னதும் ஸ்லட்ஜ் அடியிலயே கிடக்கும், ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா தண்ணில இருக்குற நைட்ரேட்டை எடுத்துக்கிட்டு நைட்ரஜன் வாயுவை விடும், அந்தக் குட்டிக் குமிழிங்க ஸ்லட்ஜைத் தூக்கி மேல கொண்டு வந்துடும். இங்கயும் குமிழிதான் தூக்குது, நமக்கு வேண்டாத இடத்துல.

கொடுங்கையூர், பெருங்குடி மாதிரி பெரிய பிளான்ட்ல டைஜஸ்டர்னு உயரமா மூடுன டேங்க் இருக்கும், அங்க ஸ்லட்ஜ் காத்தே படாம அழுகி பயோகேஸ் வரும், அதுல இன்ஜின் ஓட்டி கரண்ட் எடுக்குறாங்க. அந்த மாதிரி டேங்க்ல காத்து விட்டுக் கலக்க முடியாது, மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிர் செத்துரும், அதோட காத்துல மீத்தேன் 5-ல இருந்து 15 சதவீதம் கலந்தா வெடிக்கும். அதனால டேங்க்ல வந்த கேஸையே கம்ப்ரஸர்ல அழுத்தி மறுபடி அடியில விட்டுக் கலக்குற முறை ஒண்ணு இருக்கு. நடுவுல பெரிய குழாய் நிக்க வச்சு அதுக்குள்ள கேஸ் விட்டா உள்ள ஏறி வெளிய இறங்கி மொத்த டேங்கும் சுத்தி வரும், இதே ஏர்லிஃப்ட் தத்துவம்தான். மூடுன டேங்குக்குள்ள சுத்துற பார்ட்ஸ் இல்லாதது அங்க இன்னும் பெரிய நிம்மதி, ரிப்பேர்னா டேங்கையே காலி பண்ண வேண்டியிருக்காதுல்ல.

அசோசியேஷன்ல இருக்கவங்க, புதுசா எஸ்டிபி கட்டப் போறவங்க, டிராயிங் கைக்கு வந்ததும் கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க, ஸ்லட்ஜ் ரிட்டர்னுக்கு ஏர்லிஃப்ட் போட்டிருக்கீங்களா, அடைப்பு எடுக்க மேலயே வால்வு இருக்கா, டிஃப்யூசரை டேங்க் காலி பண்ணாம மேல இருந்தே தூக்க முடியுமா. "ஆள் இறங்கி மாத்திக்கலாம் சார்"னு பதில் வந்தா அந்த டிராயிங்ல கையெழுத்துப் போடாதீங்க.